கோச்சை மாற்று!

ரக்பி சீசன் வந்துவிட்டால் கண்டியில் குடை திருத்துகிறவரும் நிபுணர்தான். ஊர் ராசி அப்படி. எல்.ஈ. பிளேஸ் 1891இல் தொடங்கிய கிங்ஸ்வூட்டில்தான் இந்நாட்டுப் பாடசாலை ரக்பி பிறந்தது. 1906இல் கிங்ஸ்வூட்டும் திரித்துவக் கல்லூரியும் மோதியதே முதல் பாடசாலைப் போட்டி. நூறு வருஷத்துக்கு மேல் ரக்பியில் ஊறிய ஊரில் நான் மட்டும் வாயை மூடிக்கொண்டிருக்க முடியுமா?

நான் ரக்பி ஆடியதில்லை. பந்து கோட்டுக்கு வெளியே உருண்டு வந்தபோது எடுத்துக் கொடுத்ததுண்டு. இப்போது மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது. ஆனாலும் நாங்கள் ஆதரிக்கும் கல்லூரிக்குத் தலைமைக் கோச் யார் என்று தீர்மானிக்கும் குழுவில் நான் மூத்த உறுப்பினர். குழு கூடுவது கட்டுகஸ்தோட்டையில் ஒரு சலூனில். கல்லூரிக்கு இப்படியொரு குழு இருப்பது தெரியாது.

முடி வெட்டும் அண்ணன் வெளிநாட்டுக் கட்சி. 1987 உலகக் கிண்ணத்தில் பிஜியைக் காலிறுதிவரை கொண்டுபோய், பிறகு இலங்கை அணிக்கும் பயிற்சி கொடுத்த நியூசிலாந்துக்காரர் ஜோர்ஜ் சிம்ப்கின்தான் அவருக்குக் குலதெய்வம். பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்கள் உள்ளூர்க் கட்சி. கிங்ஸ்வூட்டில் படித்து, இலங்கை அணிக்குத் தலைவராகி, கண்டி விளையாட்டுக் கழகத்துக்கு ஆடி, பிறகு அதற்கே பயிற்சி கொடுத்த பாசில் மரிஜாவைக் காட்டுவார்கள். "நம்ம புள்ளைங்க இருக்க வெளியாள் எதுக்கு?" என்பார்கள். பெஞ்சில் இருக்கும்வரை நானும் உள்ளூர்க் கட்சி. நாற்காலியில் ஏறி, அண்ணனின் சவரக்கத்தி கழுத்துக்கு வந்ததும் வெளிநாட்டுக் கட்சி.

1945 முதல் திரித்துவமும் றோயலும் மோதும் பிரட்பி கேடயத்தில் இரண்டு ஆட்டப் புள்ளிகளையும் கூட்டித்தான் முடிவு. முதல் ஆட்டத்தில் 14 புள்ளி பின்னால் நின்றாலும், மறு ஆட்டத்தில் இரண்டு ட்ரையும் இரண்டு கன்வர்ஷனும் கூடுதலாகப் போட்டால் கணக்குச் சமன். எங்களுக்கு அந்தப் பொறுமை ஏது? முதலில் கோச்சை அனுப்புவோம். கூட்டலைப் பிறகு பார்த்துக்கொள்வோம்.

இந்த அதிகாரம் வீட்டு வாசலோடு சரி. "நீங்க வேலைக்குப் பிடிச்சுத் தந்த ஆள் யாராவது உருப்படியா?" என்று கேட்பாள் மனைவி. நான் கூட்டிவந்த குழாய் பாஸ் போன நாளிலிருந்து, குசினிக் குழாயைத் திறந்தால் குளியலறையில் தண்ணீர் வருகிறது. மகனுக்குக் கணித மாஸ்டரைப் பிடித்தவள் அவள். நாலு தாய்மாரிடம் விசாரித்தாள். வகுப்புக்கு வெளியே நின்று ஒரு பாடம் முழுக்கக் கேட்டாள். முதல் பரீட்சையில் அவன் 38 எடுத்தபோதும் மாஸ்டரை மாற்றவில்லை. ஒரு தவணை பொறுத்தாள். அடுத்த தவணை 71. இதையெல்லாம் அவள் எந்த சலூனிலும் விவாதிக்கவில்லை.

போன சீசன் கோச்சை நாங்கள் அனுப்பிவைத்த வீரக்கதையைச் சாப்பாட்டு மேசையில் சொன்னேன். எல்லாம் கேட்டுவிட்டு, "அந்த மனுசனுக்கு அந்த மாசச் சம்பளம் கிடைச்சுதா?" என்றாள்.

எங்கள் குழுவில் இதுவரை எழாத கேள்வி. மறுநாள் சலூனில் நானே எழுப்பினேன். அண்ணன் கத்தரிக்கோலை நிறுத்தினார். பெஞ்சில் பேச்சு நின்றது. இனி அவசரப்படக் கூடாது, வருகிற கோச்சுக்குப் போதிய அவகாசம் கொடுக்க வேண்டும் என்று ஏகமனதாகத் தீர்மானித்தோம். முதல் ஆட்டத்தின் இடைவேளை வரை.