பெயர் வைத்தார்கள், பிள்ளையைக் காணோம்

கிள்ளான் மேரு ரோட்டுப் பக்கம் ஒரு பட்டறை. வாய் பிளந்து நிற்கிறது பழைய புரோட்டோன் வீரா. அதற்கு மேலே சங்கிலிக் கப்பியில் தொங்குகிறது மிட்சுபிஷியின் 4ஜி93 டர்போ எஞ்சின். ஜப்பானில் கழித்துக்கட்டிய காரை நடுவில் அறுத்து, முன்பாதியை மட்டும் கப்பலேற்றி அனுப்புகிறார்களே, அந்த ‘ஹாஃப் கட்’ சரக்கு. “நம்ம நாட்டு இ01 எஞ்சினையே போடலாமே, அண்ணே?” என்றேன். ஸ்பேனரை நிறுத்தாமலே பதில் வந்தது: “போடலாம் தம்பி. முதல்ல அதக் கண்ணுல காட்டச் சொல்லு லா.”

நியாயமான நிபந்தனை. நம் வீடுகளில் பிள்ளை பிறந்த பிறகுதான் பெயர் வைப்பார்கள். நம் கார் கம்பெனி டத்தோக்கள் வீட்டு வழக்கமே வேறு. முதலில் பெயர், அடுத்து ரிப்பன், அதற்கடுத்து பத்திரிகையில் படம். பிள்ளை எங்கே என்று கேட்டால், கேட்டவனுக்கு நாட்டுப்பற்று இல்லை.

இந்தக் கலையில் நமக்கு நல்ல பயிற்சி உண்டு. 1997 முதல் 2005 வரை சாபர் அணியின் ஃபார்முலா 1 கார்களில் உறுமியது நம் எண்ணெய்க் கம்பெனியின் பெயர் தாங்கிய ‘பெட்ரோனாஸ்’ எஞ்சின். உறுமல் ஃபெராரியுடையது, மேலே எழுதிய எழுத்து நம்முடையது. 2002-இல் கரம்ஜித் சிங் தயாரிப்புக் கார்களுக்கான உலக ரேலிப் பட்டத்தை வென்று வந்தார். ஓட்டியவர் அசல் மலேசியர், திறமையும் அசல். அவருக்குக் கொடுத்த ‘புரோட்டோன் பெர்ட்’ மட்டும் பெயர் மாற்றிய மிட்சுபிஷி லான்சர் எவல்யூஷன். 2004-இல் ஜென்-2 காரில் நம் சொந்த ‘கேம்ப்ரோ’ எஞ்சின் வந்தது. ‘கேம் புரொஃபைல்’ என்பதன் சுருக்கம் அது. கேம் புரொஃபைலை மாற்றும் நுட்பம் அதற்குள் வந்து சேர்ந்தது 2008-இல். நான்கு வருடம் பாயசத்தை முந்திரிப் பாயசம் என்று விற்றுவிட்டு, முந்திரியைப் பிறகு போட்டார்கள்.

இனி இ01 கதைக்கு வருவோம். சாபரோடு கூட்டுச் சேர்ந்த காலத்தில் பெட்ரோனாஸ் ஸ்டிக்கர் ஒட்டுவதோடு நிற்கவில்லை, இந்த இரண்டு லிட்டர் இ01 எஞ்சினை நிஜமாகவே உருவாக்கியது. 2012 ஜனவரியில் அந்தத் தொழில்நுட்பத்தை 63 மில்லியன் வெள்ளிக்குப் புரோட்டோன் வாங்கியது. வேகப் பித்தர்களுக்கு அன்று தீபாவளி. புரோட்டோன் சத்ரியா காருக்குள் டர்போ இ01 உட்கார்ந்தால் எத்தனை குதிரை என்று மாமாக் கடை மேசையில் தே தாரிக் ஆறிப்போகும்வரை கணக்குப் போட்டார்கள். அதே மாதம் அரசு முதலீட்டு நிறுவனமான கசானா தன் புரோட்டோன் பங்குகளை டிஆர்பி-ஹைக்கோமுக்கு விற்க ஒப்பந்தம் போட்டது. முதலாளி மாறினார், கணக்கும் மாறியது.

2016-இல் புதிய புரோட்டோன் பெர்டானா வந்தது. இரண்டு லிட்டர் எஞ்சினும் உண்டு. மூடியைத் தூக்கிப் பார்த்தால் உள்ளே ஹோண்டா!

63 மில்லியன் கொடுத்துப் பசு வாங்கியவர், காப்பிக்குப் பக்கத்து வீட்டில் பால் வாங்குகிறார். பசு எங்கே ஐயா? இ01 பூட்டிய புரோட்டோனை எந்த ஷோரூமிலும் நாங்கள் பார்த்ததில்லை. செத்திருந்தால் கருமாதிக்காவது சொல்லி அனுப்பியிருக்கலாம்.

லோட்டஸில் நடந்ததும் இதுதான். 1996-இல் புரோட்டோன் வாங்கிய அந்த ஆங்கிலேயக் கம்பெனி, 2010 பாரிஸ் கண்காட்சியில் ஒரே மேடையில் ஐந்து புதிய கார்களுக்குத் திரை விலக்கியது. எஸ்பிரி காருக்குச் சொந்த வி8 எஞ்சினே வருகிறது என்று பிறகு சொன்னார்கள். 2012-இல் தலைமை அதிகாரி டேனி பஹாரை வீட்டுக்கு அனுப்பினார்கள், அந்த எஸ்பிரியும் வி8-உம் அவரோடு போய்ச் சேர்ந்தன. ஐந்து பிள்ளைக்கு ஒரே மேடையில் காதுகுத்து. குத்தியது யார் காதில் என்பது இரண்டு வருடம் கழித்துத்தான் நமக்கு உறைத்தது.

அதற்கும் முன்னால், 2004-இல், இத்தாலியின் எம்வி அகஸ்டா மோட்டார்சைக்கிள் கம்பெனியில் புரோட்டோன்காரர்கள் 70 மில்லியன் யூரோ போட்டார்கள். ஒரே வருடத்தில் அந்தப் பங்கை விற்றார்கள், 1 யூரோவுக்கு. கடனையும் சேர்த்துத் தள்ளிவிட்டோம் என்று விளக்கம் வேறு. அன்றைய மதிப்பில் நாலு வெள்ளிச் சொச்சம். கையில் வந்த காசில் மேசைக்கே தே தாரிக் சொல்லக்கூட முடியாது.

இத்தனைக்கும் பணம் கட்டியவன் யார்? உள்ளூர்ப் பிள்ளை வளரட்டும் என்று 60 முதல் 105 விழுக்காடு வரை கலால் வரியைச் சுமக்கும் சந்தையில் கார் வாங்கியவன். ஒன்பது வருடத் தவணையில் கையெழுத்துப் போட்ட லாரி ஓட்டுநர், தாதி, பள்ளி ஆசிரியர். அவர்கள் இரண்டு மாதம் தவணை தவறினால் காடியை இழுத்துப் போக ஆள் வந்துவிடுகிறது. எஞ்சின் தவறியபோது எந்த டத்தோ வீட்டு வாசலிலிருந்து எதை இழுத்தார்கள்? இழுக்கவில்லை. 2016-இல் அரசாங்கம் புரோட்டோனுக்கு இன்னும் 1.5 பில்லியன் வெள்ளி கடனுதவிக்கு ஒப்புதல் கொடுத்தது. அடுத்த வருடமே புரோட்டோனின் 49.9 விழுக்காடு சீனாவின் கீலிக்குப் போனது, லோட்டஸின் பெரும்பங்கும் கூடவே போனது. இப்போது டர்போ எஞ்சினும் கீலி கொடுத்ததுதான்.

2024 டிசம்பரில் புரோட்டோனின் இ.மாஸ் 7 வந்தது. மின்சாரக் கார், எஞ்சினே கிடையாது. கடைசியில் நம் டத்தோக்கள் ரத்து செய்ய முடியாத எஞ்சினைக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

மேரு ரோட்டு அண்ணன் அந்த வீராவுக்கு எஞ்சின் மாற்றினால் சும்மா விடுவதில்லை. சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயின் அனுமதி வேண்டும், புஸ்பாகோம் பரிசோதனை மையத்தில் வண்டியை நிறுத்திக் காட்ட வேண்டும், எஞ்சின் எண் வேண்டும், வாங்கிய ரசீது வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் ரோட்டில் மடக்கிச் சம்மன் எழுதுவார்கள். சட்டம் சரிதான், குறை சொல்லவில்லை. அதே சட்டத்தை மேலேயும் வையுங்கள். 63 மில்லியன் வெள்ளி எஞ்சினைப் புஸ்பாகோமுக்குக் கொண்டு வாருங்கள். எண்ணைக் காட்டுங்கள். ரசீதை நாடாளுமன்ற மேசையில் வையுங்கள்.

அதுவரை அந்த வீராவில் ஜப்பான்காரன் எஞ்சின்தான் ஏறும்.