ரெட் ஹெர்ரிங் எந்தக் கடலில் கிடைக்கும்?

கேள்வி: ரெட் ஹெர்ரிங் என்கிறார்களே, அது எந்தக் கடல் மீன்?

பதில்: எந்தக் கடலிலும் கிடைக்காது, புகைக் கூடத்தில்தான் கிடைக்கும். ஹெர்ரிங், வட அட்லாண்டிக்கில் கூட்டம் கூட்டமாகத் திரியும் வெள்ளி நிற மீன். நம் மத்திக்குத் தூரத்துச் சொந்தம். உப்பில் ஊறப்போட்டு நாள்கணக்கில் புகை காட்டினால் செம்பழுப்பாகிவிடும். அதுதான் ரெட் ஹெர்ரிங். ஐஸ்பெட்டி இல்லாத காலத்து ஏற்பாடு. இங்கிலாந்தில் கிரேட் யார்மத் இதற்குப் பேர்போன ஊர். தாமஸ் நாஷ் என்பவர் 1599-இல் இந்த மீனைப் புகழ்ந்து ஒரு புத்தகமே எழுதினார்.

கேள்வி: அப்படியென்றால் கிப்பர்?

பதில்: அதே மீன்தான். கீறி விரித்துப் புகை போட்டால் கிப்பர், முழுசாகப் போட்டால் ரெட் ஹெர்ரிங். கத்தி பட்டால் பெயர் மாறிவிடும்.

கேள்வி: துப்பறியும் கதையில் இந்த மீனுக்கு என்ன வேலை?

பதில்: வாசகரை வழிதப்ப வைக்கும் வேலை. முதல் அத்தியாயத்திலிருந்தே திருட்டு முழி முழிக்கிறானே தோட்டக்காரன், அவன் அநேகமாக நிரபராதி. டோரத்தி சேயர்ஸ் 1931-இல் வெளியிட்ட நாவலுக்குப் பெயரே 'ஐந்து ரெட் ஹெர்ரிங்குகள்'. சந்தேகம் ஆறு பேர் மேல். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: வேட்டை நாய்களைப் பழக்க இந்த மீனைத் தரையில் இழுத்துப் போவார்களாம். அதிலிருந்துதான் இந்தப் பொருள் வந்ததா?

பதில்: அதை நம்பி அகராதிக்காரர்களே ஏமாந்தார்கள். 1697-இல் வந்த வேட்டை நூல் ஒன்று மீனை இழுக்கச் சொன்னது நிஜம். ஆனால் அது குதிரையைப் பழக்க. அதுவும் செத்த பூனையோ நரியோ கிடைக்காவிட்டால்! இன்றைய பொருளைப் பரப்பியவர் வில்லியம் காபெட் என்ற பத்திரிகைக்காரர். முயலைத் துரத்திய நாய்களைச் சிறுவயதில் மீன் வாடை காட்டித் திசைதிருப்பியதாக 1807-இல் ஒரு கதை எழுதினார். நெப்போலியன் தோற்றதாக வந்த பொய்ச் செய்திக்குப் பின்னால் ஓடி, உள்ளூர் விவகாரத்தைக் கோட்டைவிட்ட பத்திரிகைகளுக்கு வைத்த குட்டு அது.

கேள்வி: பன்மைக்கு எஸ் போட வேண்டுமா?

பதில்: வலையில் எத்தனை ஆயிரம் விழுந்தாலும் பெரும்பாலும் ஹெர்ரிங்தான். ஏமாற்று வேலைக்கு வந்துவிட்டால் ரெட் ஹெர்ரிங்ஸ். பொய்களைத் தனித்தனியாகத்தானே எண்ண வேண்டும்!

கேள்வி: பொருந்தாத பதில் எல்லாமே ரெட் ஹெர்ரிங்தானா?

பதில்: இல்லை. கேள்வி புரியாமல் சொன்னால் அது உளறல். குடிநீர் ஏன் வரவில்லை என்று நீங்கள் கேட்க, ஊர் வளைவுக்கு யார் பெயர் வைக்கலாம் என்று ஒருவர் சூடாக விவாதம் கிளப்பினால், அது ரெட் ஹெர்ரிங். அப்போது மீனை மோந்துகொண்டு நிற்காதீர்கள். கயிறு யார் கையில் என்று பாருங்கள்.