தீவு காட்டும் மாமா

வெளிநாட்டில் சொந்தம் உள்ள யாழ்ப்பாணக் குடும்பம் எதிலும் இவர் ஒருவர் இருப்பார். இல்லாத குடும்பம் அயல் வீட்டிலிருந்து இரவல் வாங்கிக்கொள்ளும். வயது அறுபத்தைந்துக்கு மேல். கச்சேரியில் இலிகிதராக இருந்து இளைப்பாறியவர். அல்லது பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தின் முன்னாள் முகாமையாளர். அல்லது கணித வாத்தியார். எதுவானாலும் இடாப்பு வைத்து ஆட்களை எண்ணிப் பழகிய கை. பென்சன் மாதாமாதம் வந்துவிடுகிறது. எண்ணுவதற்கு ஆட்கள்தான் இல்லை. பிள்ளைகள் கடல் கடந்துபோய்க் கன காலம்.

ஆடி மாதத்தில் அந்தக் குறை தீரும். ரொறன்ரோ, லண்டன், பாரிஸ், ஆம்ஸ்டர்டாம் என்று திக்குத் திக்காகப் போனவர்கள் நல்லூர்த் திருவிழாவுக்கென்று வந்து இறங்குவார்கள். ஆடி அமாவாசைக்கு ஆறாம் நாள் கொடியேறினால் ஆவணி அமாவாசைவரை 25 நாள் திருவிழா. பெரியவர்களுக்கு அது காணாது. பிள்ளைகளுக்கு நாலு நாளே மிச்சம். ஐந்தாம் நாள் காலை விறாந்தையில் கைபேசியைத் தடவிக்கொண்டிருக்கும் மருமகள் ஒருத்தி, “மாமா, இஞ்ச வேற என்ன இருக்கு?” என்று கேட்டுவிடுவாள். அவள் விளையாட்டாகக் கேட்டது. மாமாவுக்கோ அது ஊரின் மானம்.

அதோடு நிறுத்தினாலும் பரவாயில்லை. நயாகராவில் எடுத்த படத்தையும் காட்டுவாள். அங்கே நீர்வீழ்ச்சியைப் பார்த்துவிட்டுப் பக்கத்துத் தோட்டங்களில் வைன் ருசி பார்க்கவென்றே சுற்றுலா இருக்கிறது. பனியில் உறைந்த பழத்தைப் பிழிந்து ஐஸ் வைன் செய்கிறார்கள். மாமா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் படத்தைப் பார்ப்பார்.

“உது என்ன பெரிய விசயம்? எங்கட தோலகட்டியில சிஸ்டர்மார் எத்தினை காலமா முந்திரிகைப் பழத்தில வைன் செய்யினம். காலமை தீவு, பின்னேரம் வைன். பொழுதுபட முதல் வீட்டை வந்திடலாம்.”

யாழ்ப்பாணப் பட்டினத்துக்குத் தென்மேற்கே கடலுக்குள் தீவுகள். தோலகட்டியோ நேர் எதிர்த் திசையில், வலிகாமத்துச் செம்மண்ணுக்குள். இரண்டையும் ஒரே நாளில் சேர்ப்பது வரைபடம் பார்த்தவர் செய்கிற வேலையல்ல. மாமா வரைபடம் பார்க்கிற ஆளில்லை. “எனக்குத் தெரியாத றோட்டோ?”

நாள் குறிப்பதும் அவர்தான். வங்கியில் வேலைபார்க்கும் மருமகனுக்கும் லீவு கிடைக்க வேண்டுமென்பதால் பௌர்ணமி நாளைப் பிடிப்பார். போயா தினம் நாடு முழுக்க விடுமுறை. நாடு முழுக்க மது விற்பனைக்கும் தடை. வைன் பார்க்கப் போகிற பயணத்துக்கு வருடத்தில் வேறு எந்த நாளும் இவ்வளவு பொருத்தமில்லாமல் வாய்க்காது. இதைச் சொன்னால் மாமா சிரிப்பார். எதற்குச் சிரித்தார் என்பது பொழுதுபட்ட பிறகுதான் விளங்கும்.

“அஞ்சரைக்கு வான் வாசல்ல நிக்கும். ஆறு மணிக்கு நான் ஆரையும் பாத்துக்கொண்டு நிக்கமாட்டன்.” இதை முதல்நாள் இரவே மூன்று தரம் சொல்லிவைப்பார். வான் வரும். ஏழு மணிக்குப் பூத்தட்டும் தேங்காயும் வரும். ஏழேகாலுக்குப் பிள்ளைகள் வந்து ஏறுவார்கள். ஏழரைக்கு மாமாவைக் காணோம். தேடிப் போனால் பின்வளவில் ஆட்டுக்குக் குழை கட்டிக்கொண்டு நிற்பார். “வாயில்லாச் சீவன், பாருங்கோ.”

பண்ணைப் பாலத்தில் வான் ஏறியதும் பாடம் தொடங்கும். இடப்பக்கம், வலப்பக்கம், 1658இல் ஒல்லாந்தர் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்த கோட்டை, களங்கண்டிகள். ஆம்ஸ்டர்டாமிலிருந்து வந்த மருமகன் அவர் கண்ணில் தனியாகப் படுவார். வேலணைத் தீவுக்கு ஒல்லாந்தர் வைத்த பெயர் லெய்டன். காரைதீவு ஆம்ஸ்டர்டாம். புங்குடுதீவு மிடில்பேர்க், நயினாதீவு ஹார்லெம், அனலைதீவு றொட்டர்டாம். நெடுந்தீவில் மட்டும் டெல்ஃப்ற் என்ற பெயர் இன்றைக்கும் ஒட்டிக்கொண்டு கிடக்கிறது. அத்தனையும் உண்மை. ஆனால் மாமா அதைச் சொல்லுகிற தோரணையில், மூன்று நூற்றாண்டுக்கு முந்திய கடனுக்குப் பிணைநின்ற ஆளைப்போல அந்த மருமகன் தலையைக் குனிந்துகொள்வார்.

மாமாவிடம் ஒரு விசேஷம் உண்டு. கண்ணுக்கு முன்னால் இருப்பதை அவர் அதிகம் காட்டமாட்டார். பரவைக்கடல் ஓரமாக வான் போகும்போது, “தை மாசியில வந்திருந்தா இதில பூநாரை வெள்ளையா நிண்டிருக்கும்” என்பார். வேலணையில் தவறணையைத் தாண்டும்போது, போயாவுக்குப் பூட்டியிருக்கும் கதவைப் பார்த்தபடி, “பங்குனியில வந்திருக்க வேணும். பனங்கள்ளுக்குக் காலம் அதுதான்” என்பார். நயினை அம்மனுக்குத் தேர் ஆனியில். நீங்கள் வந்தது ஆவணியில். எப்போது வந்தாலும் நீங்கள் பிந்தித்தான் வந்திருப்பீர்கள். அந்த மாதங்களில் இவர் இந்தப் பக்கம் வந்தாரா என்று கேட்டுவிடாதீர்கள். போன முறை வந்தது போன வருடம், லண்டன்காரரோடு. ஊரில் இருக்கிறவனுக்குத் தீவு பார்க்க வான் பிடிக்கக் கட்டுப்படியாகாது. தனியாகப் போய்வர மனமும் வராது.

நயினாதீவுக்குப் படகேறும் குறிகாட்டுவான் இறங்குதுறையில் அவருடைய அதிகாரத்துக்கு முதல் சோதனை. போயா என்பதால் தெற்கிலிருந்து நாகவிகாரைக்கு வந்த பஸ்கள் வரிசையாக நிற்கும். வெள்ளை உடுத்திய சனம் ஏற்கனவே வரிசை கட்டியிருக்கும். “நில்லுங்கோ, உந்தப் பெடியன் எனக்குத் தெரிஞ்சவன்” என்று மாமா முன்னால் போவார். அந்தப் பெடியனுக்கு மாமாவைத் தெரியாது. தகப்பன் பெயர், பேரன் பெயர், தாய்வழி ஊர் என்று ஐந்து நிமிடம் விசாரணை நடந்து, இருவரும் உறவு என்று கண்டுபிடிக்கப்பட்ட பின், பெடியன் வணக்கத்தோடு வரிசையின் கடைசியைக் காட்டுவான். திரும்பி வரும் மாமா, “சொல்லிப்போட்டன். இனிப் பிரச்சினையில்லை” என்பார்.

மேலே காற்றாட இருப்பதாகத்தான் திட்டம். படகுக்காரர் எல்லோரையும் கீழ்த்தட்டுக்குள் இறக்கிவிடுவார். டீசல் மணம், முழங்காலோடு முழங்கால். இருபது நிமிடத்தில் கரை.

நாகபூசணி அம்மன் கோயிலுக்குள் ஆண்கள் மேற்சட்டையைக் கழற்ற வேண்டும். ரொறன்ரோவில் பிறந்த பேரனின் தோளில் பாம்பு ஒன்று பச்சை குத்தியிருப்பது குடும்பத்துக்கு அன்றைக்குத்தான் தெரியவரும். தாய்க்கு முகம் மாறும். அந்த இடத்தில் மாமா காட்டும் சமயோசிதத்துக்காக அவருடைய மற்றப் பிழைகள் எல்லாவற்றையும் மன்னித்துவிடலாம். “என்ன பிள்ளை கோவிக்கிறாய்? நாகம்மாளிட்டத்தானே வந்திருக்கிறான்.”

மணிமேகலையில் வரும் மணிபல்லவம் இதுதான் என்பதில் அவருக்கு எள்ளளவும் ஐயமில்லை. அப்படிச் சொல்லும் அறிஞர்களும் இருக்கிறார்கள், மறுப்பவர்களும் இருக்கிறார்கள். மறுப்பவர்களை மாமா படித்ததில்லை. கோயிலின் அன்னதான மண்டபத்துக்கு அமுதசுரபி என்றே பெயர். இதைவிட வேறு என்ன சாட்சி வேண்டும்? சாட்சியை இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு நாகவிகாரைக்கு நடப்பார்.

அங்கேதான் அன்றைய நாளின் சிறந்த சொற்பொழிவு. இரத்தின ஆசனம் ஒன்றுக்காக இரண்டு நாக அரசர்கள் படை திரட்டி நின்றதும், புத்தர் வந்து சமாதானம் செய்ததும் மகாவம்சம் சொல்லும் கதை. பெரியவன் மகோதரன், சின்னவன் சூளோதரன். பெரியவனுடைய தங்கையின் மகன் சின்னவன். மாமா குரலை ஒரு படி இறக்குவார். “விளங்கிச்சோ? மாமனும் மருமகனும். அந்தக் காலத்திலயே ஆதனச் சண்டைதான்.” மருமக்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். அவர்கள் பெயரில் ஊரில் இரண்டரைப் பரப்புக் காணி இருக்கிறது. உறுதி ரொறன்ரோவில், திறப்பு மாமாவிடம்.

நெடுந்தீவும் பார்க்க வேண்டுமென்பது பிள்ளைகளின் ஆசை. குதிரைகள், பெருக்கமரம், பவளப் பாறையை அடுக்கிய மதில்கள் என்று படத்தில் கண்டிருக்கிறார்கள். அங்கே போக மட்டும் ஒரு மணித்தியாலம் வேண்டும். தோலகட்டி பிந்திவிடும். “அதுக்கென்ன, இஞ்ச இருந்தே காட்டுறன்” என்று நயினாதீவுத் துறையில் நின்று தென்மேற்கே கையை நீட்டுவார். தண்ணீர்தான் தெரியும். “குதிரையள் அந்த முனைப் பக்கம் நிக்கும். கோட்டை இஞ்சால. புறாக்கூடு நடுவில.” வெறும் கடலில் ஒரு தீவு முழுவதையும் விரலால் வைத்து முடிப்பார்.

கை இறங்கும்போது சொல்லுவார்: “எண்பத்தைஞ்சு. வைகாசி பதினைஞ்சு. குமுதினி.” அவ்வளவுதான் சொல்லுவார். 1985 மே 15 அன்று நெடுந்தீவிலிருந்து குறிகாட்டுவானுக்கு வந்துகொண்டிருந்த குமுதினிப் படகைக் கடலில் மறித்து, குழந்தைகள் உட்படப் பயணிகளை வெட்டிக் கொன்றார்கள். இந்தக் கடலில்தான். எதற்கும் பத்து நிமிடம் எடுப்பவர் இதை மட்டும் அந்த மூன்று துண்டுச் சொல்லோடு விட்டுவிடுவார். பிள்ளைகள் கேட்டால், “வீட்டை போய்க் கொம்மாவைக் கேள்” என்பார். திரும்பும் படகில் பேச்சில்லை.

புங்குடுதீவில் வான் ஏசி போட்டதும் பேச்சு மீண்டுவிடும். நண்டுக்கறி வேண்டும் என்று பின்னிருக்கையில் ஒரு குரல் எழும். நல்லூர் கொடியேறினால் ஊரில் பாதி வீடுகளில் மச்சம் இல்லை. மாமா திரும்பிப் பார்க்கும் பார்வையிலேயே நண்டு கடலுக்குத் திரும்பிவிடும்.

தோலகட்டிக்கு வந்து சேர ஐந்து மணியாகும். 1928இல் தோமஸ் அடிகளார் தொடங்கிய செபமாலைத் தாசர் சபையின் இடம் அது. செபமும் மௌனமும் தோட்டவேலையுமாக வாழ்ந்த துறவிகளின் சபை. இன்றைக்கு யாழ்ப்பாணத்தில் தோலகட்டி என்றால் பலருக்கு நெல்லிரசம்தான் ஞாபகத்துக்கு வரும்; அடுத்தது வைன். மாமா சைவப்பழம். ஆனாலும் அந்த வளவுக்குள் குரலை அடக்கிச் செருப்பை ஓசைப்படாமல் வைத்து நடப்பார். நெல்லிரசத்தில் ஆளுக்கு இரண்டு போத்தல். மருமகள் வைன் கேட்க வாயெடுப்பாள். “போயா, பிள்ளை. கேட்டு அவையைச் சங்கடப்படுத்தாதை.” நயாகராக்காரிக்கு முகம் வாடிப்போகும்.

வீட்டுக்கு வந்ததும் மாமா நேரே கிணற்றடிக்குப் போவார். தொட்டிக்குப் பக்கத்தில் ஈரச்சாக்குக்குள் தோலகட்டிப் போத்தல்கள் இரண்டு குளிர்ந்துகொண்டிருக்கும். முதல்நாளே பஸ்ஸில் போய் வாங்கி வந்தவை. நாள் குறிக்கும்போது சிரித்த சிரிப்பு இதற்குத்தான்.

ஏன் கிணற்றடி? மாமி நல்லூர் விரதம். போத்தல் விறாந்தைப் படி ஏறாது. மாமாவின் வாதம் திறமானது: “முந்திரிகைப் பழம், சீனி. இதில மச்சம் எங்க இருக்கு? இது மரக்கறி.” குசினிக்குள்ளிருந்து பதில் வரும்: “அப்ப சாமியறையில வைச்சுக் குடியுங்கோவன்.” வழக்கு அதோடு தள்ளுபடி.

கண்ணாடிக் கிண்ணம் கேட்டால் அதுவும் குசினிக்குள். ஆகவே மாமா தாய்வழிச் சொத்தான மூக்குப்பேணியைக் கொண்டுவருவார். நயாகராவில் கற்றபடி மருமகள் அதைச் சுழற்றிப் பார்ப்பாள், மணந்து பார்ப்பாள். பித்தளை மணக்கும். மூக்குப்பேணியில் வாய் வைக்கக் கூடாது. அண்ணாந்து மூக்கால் ஊற்ற வேண்டும். ரொறன்ரோச் சட்டையில் பாதி, தொண்டையில் பாதி. “நல்ல இனிப்பு மாமா” என்பாள். “வைன் எண்டாப் புளிக்க வேணுமெண்டு உனக்கு ஆர் சொன்னது?” அவள் பேணியை இரண்டாம் முறை நீட்டும்போது, நயாகராவை வென்ற களிப்பு மாமாவின் முகத்தில் தெரியும்.

இரண்டாவது போத்தலில் காணிப் பேச்சு வரும் என்று மருமக்கள் தயாராகத்தான் இருப்பார்கள். வரும். விற்றுத்தரச் சொல்லுவார், அல்லது தன் மகளுக்கு எழுதச் சொல்லுவார் என்று ரொறன்ரோவிலேயே கதைத்து வைத்துக்கொண்டு வந்தவர்கள். மாமா சொல்லுவது வேறு: “மாரிக்கு முதல் பத்தையை வெட்டிவிடுறன். வேலி அடைச்சுக் கிடக்கு. வித்துப்போடாதேங்கோ.” பிறகு ஆட்டுக்குத் தண்ணீர் வைக்க எழும்பிவிடுவார். ஆதனத்துக்காகப் படை திரட்டிய மகோதரனை மணிபல்லவத்திலேயே விட்டுவிடலாம். இந்த மாமாவுக்கு வேண்டியது அடுத்த ஆடியில் வான் நிறைய ஆட்கள்.

போகிறவர்களுக்கு ஒரு சொல். வானுக்கு முற்பணம் கட்டியது மாமா, பென்சன் காசில். அதை அவர் சொல்லமாட்டார். புறப்படுகிற அவசரத்தில் நீங்களும் மறந்துவிடுவீர்கள். முதல்நாளே கொடுத்துவிடுங்கள். அவரிடம் நீட்டினால் கோபிப்பார். மாமியிடம் கொடுங்கள்.