பருத்தித் திணை

சூத்திரம் இன்னும் எழுதப்படவில்லை, உரை முந்திக்கொண்டது. நம் மரபில் நூல் கரையானுக்குப் போய் உரை மட்டும் தப்பிய கதைகள் உண்டு. நூல் பிறக்குமுன்பே உரை பிறந்துவிட்டால் மட்டும் என்ன குடி முழுகிவிடப் போகிறது? ஆகவே, இவ்வுரை என் நுதலிற்றோ எனின், அமெரிக்க நாட்டில் 2011க்குப் பின் புற்றீசலாய்ப் பெருகிய சண்டைக்காரன் காதல் நாவல்களுக்குத் திணை வகுத்தல் நுதலிற்று.

சண்டைக்காரன் எனப்படுவான், உடம்பெல்லாம் பச்சை குத்திக்கொண்டு காசுக்குக் கைகலப்பவன். தலைவி எனப்படுவாள், இவன் முகத்தை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை என்று முதல் அத்தியாயத்திலேயே முடிவெடுத்தவள். இருவரில் ஒருவருக்காவது அப்பனால் ஒரு தீராத தொல்லை இருக்கும். பத்துப் பொருத்தத்தில் ஒன்றுகூடத் தேறாத இந்த இருவரும் முந்நூறு பக்கத்துக்குள் சேர்ந்தாக வேண்டும். ‘ரொமான்ஸ் ரைட்டர்ஸ் ஆஃப் அமெரிக்கா’ என்னும் எழுத்தாளர் சங்கத்தார் இதை இலக்கணமாகவே வகுத்துவிட்டார்கள்: காதல், கதையின் நடுவில் நிற்க வேண்டும்; முடிவு மனநிறைவும் நம்பிக்கையும் தர வேண்டும்.

இவ்விதியால் ஜாக் லண்டன் 1905இல் வெளியிட்ட ‘தி கேம்’ அடிபட்டுப் போகிறது. கல்யாணத்துக்கு முன் கடைசியாக ஒரே ஒரு சண்டை என்று மேடையேறுகிறான் நாயகன். காதலி ஆண் உடையில் ஒளிந்து ஓட்டை வழியே பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவன் கால் வழுக்குகிறது, குத்து விழுகிறது, உயிர் போகிறது. நல்ல கதைதான். ஆனால் சங்கத்தார் கணக்கில் காதல் கதை ஆகாது. நாமும் சங்கத்தாரோடு வம்புக்குப் போவதற்கில்லை.

திணை என்றால் முதல், கரு, உரி மூன்றும் வேண்டும். இம்மூன்றுக்கும் எடுத்துக்காட்டாக ஒரே நூலைக் கொள்வோம்: ஜேமி மெக்வயர் 2011இல் தாமே பதிப்பித்து வெளியிட்ட ‘பியூட்டிஃபுல் டிசாஸ்டர்’. பிறகு பெரிய பதிப்பகம் ஏற்றது, 2023இல் திரைப்படமும் ஆயிற்று. இதன் நிலம், கல்லூரிக் கட்டடத்தின் அடித்தளம். காற்றோட்டம் இல்லாதது, கூட்டம் பிதுங்குவது. பொழுது, இரவு.

கருப்பொருள் வகுக்கும்போதுதான் இவ்வாய்வாளருக்குப் புல்லரித்தது. தெய்வம், உணவு, மா, மரம், புள், பறை என்று தொல்காப்பியர் கேட்கும் பட்டியலில் ‘மா’வும் ‘புள்’ளும் தேடாமலே கிடைத்தன. தலைவன் டிராவிஸ் மேடக்ஸுக்குச் சண்டைக்களத்தில் வழங்கும் பெயர் ‘மேட் டாக்’. அவன் தலைவி ஆபியைக் கூப்பிடுவது ‘பிஜியன்’. வெறிநாயும் புறாவும் ஒரு நிலத்தில் அமைந்துவிட்டன. பந்தயத் தரகரைத் தெய்வமாகக் கொண்டால் பாதிப் பட்டியல் நிரம்பிற்று.

மாந்தருக்கும் குறைவில்லை. தலைவிக்குத் தோழி உண்டு. அவள் பெயரே அமெரிக்கா. தோழியின் காதலன் தலைவனுக்குப் பங்காளி. ஆக, பாங்கன் என்று தனியே ஒருவரைத் தேட வேண்டியதில்லை. முதல் நூல் முழுக்கத் தலைவி கூற்று. அதே கதையை 2013இல் ‘வாக்கிங் டிசாஸ்டர்’ என்று தலைவன் கூற்றாக மறுபடி எழுதினார் ஆசிரியர். செவிலி மட்டும் இல்லை. விடுதி வாழ்க்கையில் செவிலிக்கு எங்கே போவது? அவள் இருந்திருந்தால் கதை இரண்டாம் அத்தியாயத்தில் முடிந்திருக்கும்.

இனி உரிப்பொருள். குறிஞ்சிக்குப் புணர்தல், பாலைக்குப் பிரிதல், முல்லைக்கு இருத்தல். இத்திணைக்கு என்ன? சண்டையிடுதல் என்பார் அவசரக்காரர். அற்றன்று. இத்திணைக்கு உரிப்பொருள் துடைத்தலும் துடைத்தல் நிமித்தமும்.

என்னை? எனின், காட்சியைப் பார்க்க. சண்டை முடிந்து நள்ளிரவில் தலைவன் வருகிறான். மருத்துவமனைக்குப் போக மாட்டான்; அது ஆண்மைக்கு இழுக்கு. குளியலறையில் தொட்டி விளிம்பில் உட்காருகிறான். தலைவி அலமாரியைத் திறந்து பஞ்சும் மருந்தும் எடுக்கிறாள். ஐந்து பேரிடம் அடி வாங்கியபோது முனகாதவன், பஞ்சு பட்டதும் பல்லைக் கடித்து மூச்சை இழுக்கிறான். “எரியுதா?” என்கிறாள். “இல்லை” என்கிறான். அதன்பின் இரண்டு பக்கத்துக்கு யாரும் காயத்தைக் கவனிப்பதில்லை.

காயம் எங்கே என்பதைக் கூர்ந்து நோக்குக. புருவத்தின்மேல், அல்லது உதட்டோரம், அல்லது விரல் முட்டிகளில். இம்மூன்று இடங்கள் தவிர இந்நாவல்களில் இரத்தம் வருவது அரிது. புருவத்தைத் துடைக்கத் தலைவி முகத்தை அருகே கொண்டுவர வேண்டும். உதட்டுக்கு உரை வேண்டா. முட்டிகளைத் துடைக்கக் கையைப் பற்ற வேண்டும். காயத்தின் இருப்பிடத்தை எதிராளியின் முஷ்டி தீர்மானிப்பதில்லை, தலைவியின் கைவசதி தீர்மானிக்கிறது. இக்கண்டுபிடிப்பைக் காயக் கோட்பாடு என வழங்குக.

மெய்யான சண்டைக்காரனின் உடம்பு இவ்வளவு இங்கிதம் தெரிந்ததன்று. உறையில்லாத கையால் மண்டையில் ஓங்கிக் குத்தினால் சுண்டுவிரலுக்கு அடியிலுள்ள எலும்பு முறியும். வழக்கமாக நடப்பதென்பதால் மருத்துவர்கள் அந்த முறிவுக்கே குத்துச்சண்டைக்காரன் பெயரை வைத்திருக்கிறார்கள். வாரக்கணக்கில் கட்டுப் போட வேண்டும். கைகோத்து நடப்பதெல்லாம் அப்புறம். காது இன்னும் மோசம். மல்லுக்கட்டில் காது நசுங்கினால், குருத்தெலும்புக்கும் அதன்மேல் போர்த்திய சவ்வுக்கும் நடுவே இரத்தம் தேங்கும். உடனே வெளியேற்றாவிட்டால் இறுகி, காது காலிஃபிளவர் பூவாகத் திரளும். கூண்டுச் சண்டையிலும் மல்யுத்தத்திலும் காலம் தள்ளியவர்களை அந்தக் காதை வைத்தே அடையாளம் சொல்லலாம். காதல் நாவலின் தலைவனுக்கு மட்டும் எத்தனை சண்டைக்குப் பின்னும் காது பிறந்த மேனிக்கு இருக்கிறது. பெரும்பாலான அட்டைகளில் படத்தை வயிற்றுத் தசையில் தொடங்கி மோவாயில் வெட்டிவிடுவது வேறு. அது கவர்ச்சிக்காக என்பர். காதை மறைப்பதற்காக என்பது இவ்வாய்வாளர் துணிபு.

துடைத்தல் தொழிலுக்கு உண்மையான உரிமையாளர் ஒருவர் உண்டு. அவரை இந்நாவல்கள் சத்தமில்லாமல் வேலையிலிருந்து நீக்கிவிட்டன. அவர் பெயர் கட்மேன். இரண்டு சுற்றுக்கு நடுவே அவருக்குக் கிடைப்பது ஒரு நிமிடம்; அதிலும் வீரன் மூலைக்கு வந்து உட்காரும் நேரம் போக மிச்சம். பெரும்பாலும் நடுவயது தாண்டிய ஆள். ஆயிரத்தில் ஒரு பங்கு அட்ரினலின் கலந்த கரைசலில் நனைத்த பஞ்சுக்குச்சியை வெட்டுக்குள் வைத்து அழுத்திப் பிடிப்பார். இரத்தக்குழாய் சுருங்கி ஒழுக்கு நின்றதும் மேலே வாசலினை அப்புவார். கன்னம் வீங்கினால் பனிக்கட்டியில் கிடந்த சிறு உலோகக் கட்டியை எடுத்து வைத்து அமுக்குவார். அடுத்த சுற்றுக்கான குச்சி காதுமடலில் செருகியிருக்கும். இதற்குமேல் நெருக்கமான தொடுகை ஒரு சண்டைக்காரன் வாழ்வில் ஏது? ஆயினும் கட்மேனின் மூச்சுக்காற்று வீரனின் கன்னத்தில் பட்டதாக எந்த நாவலும் வருணிக்கவில்லை.

கேட்டி எவன்ஸ் 2013இல் எழுதிய ‘ரியல்’ இந்தச் சிக்கலைச் சாமர்த்தியமாகத் தீர்க்கிறது. தலைவி புரூக் ஓட்டக்காரியாக இருந்து, முழங்காலில் தசைநார் கிழிந்து, விளையாட்டுக் காயங்களுக்கான சிகிச்சையாளராக மாறியவள். தலைவன் ரெமிங்டன் டேட் அவளைச் சம்பளத்துக்கு அமர்த்தி, ஊர் ஊராகச் சண்டை போடப் போகும்போது கூட்டிப்போகிறான். தொடுவதே உத்தியோகம். இனி காயம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, சுளுக்குப் போதும். இருவரும் பாட்டுப் போட்டுக் காட்டி மனத்தைச் சொல்லிக்கொள்வதால் ‘யாழ்’ என்ற கருப்பொருளும் கிடைத்துவிட்டது. தலைவனுக்கு இருமுனைக் கோளாறு என்னும் மனநோய் உண்டு என்பதை மறைக்காமல் கதையின் நடுவில் வைத்ததையும் குறிப்பிட வேண்டும். பஞ்சால் துடைக்க முடியாத ஒன்று இருக்கிறது என்பது இத்திணைக்குள் எப்போதாவதுதான் தெரியவருகிறது.

இங்கே ஒரு கடா. டிராவிஸ்மேல் அடியே விழாதே! எதிராளியின் குத்து ஒன்றுகூடத் தன்மேல் படாமல் ஜெயிப்பதாக அவன் ஆபியிடம் பந்தயம் கட்டுகிறான். ஜெயித்தால் அவள் ஒரு மாதம் அவன் வீட்டில் தங்க வேண்டும், ஜெயிக்கிறான். (அவள் அந்த வீட்டு வாசலை முதலில் மிதித்ததற்குக் காரணம், விடுதியில் வெந்நீர்க் கொதிகலன் பழுதானது. ஊழ்வினை எந்த வடிவிலும் வந்து உறுத்தும்.) காயமே இல்லாதவனுக்குத் துடைத்தல் எங்ஙனம் பொருந்தும் எனின், விடை: முதல் காட்சியை மறுபடி பார்க்க. அவன் அடித்த அடியில் எதிராளியின் இரத்தம் தெறித்து ஆபிமேல் படுகிறது. வெறிநாய் என்று பேர் வாங்கியவன் கூட்டத்தை விலக்கி வந்து, துண்டால் அவள் முகத்தை ஒற்றியெடுத்து, புறா என்று முதன்முதலாக விளித்து வருத்தம் தெரிவிக்கிறான். துடைப்பவர் மாறினார், துடைத்தல் மாறவில்லை. கோட்பாடு நின்றது.

திணை அண்மையில் தோன்றியதன்று. பெர்னார்ட் ஷா நாடகாசிரியர் ஆவதற்கு முன் 1882இல் ‘கேஷல் பைரன்’ஸ் புரொஃபஷன்’ என்றொரு நாவல் எழுதினார். பெரும் பணக்காரி, படிப்பாளி லிடியா தன் தோட்டத்து மரங்களுக்கிடையே வெள்ளை உடையில் ஒருவனைக் காண்கிறாள். பழைய கிரேக்கச் சிலையோ என்று மயங்குகிறாள். அவன் தொழில் குத்துச்சண்டை. அதை அவளிடம் சொல்லாமல் மழுப்புவதிலேயே பாதி நகைச்சுவை ஓடுகிறது. ஷா கேலிக்காகத்தான் எழுதினார். கடைசியில் கல்யாணமும் செய்து வைத்து, நாயகனை நாடாளுமன்றத்துக்கும் அனுப்பினார். கேலி செய்யப் போனவரும் சங்கத்தார் விதிக்குத் தப்பவில்லை.

இதை வாழ்க்கை பார்த்து எழுதிக்கொண்டது இன்னும் வேடிக்கை. ஜாக் டெம்ப்சியை 1926இலும் 1927இலும் வென்ற ஹெவிவெயிட் சாம்பியன் ஜீன் டன்னி, 1928இல் யேல் பல்கலைக்கழகத்தில் ஷேக்ஸ்பியர் பற்றிச் சொற்பொழிவாற்றினார். அதே ஆண்டு பட்டத்தோடு ஓய்வு பெற்று, கார்னகி குடும்பத்துக்கு உறவான செல்வச் சீமாட்டி பாலி லாடரை ரோம் நகரில் மணந்தார். பின்னர் ஷாவுக்கே நெருங்கிய நண்பரும் ஆனார்.

ஆயினும் ஆதி நூல் ஆங்கிலத்தில் இல்லை. புறநானூற்றில் இருக்கிறது. சோழன் போர்வைக்கோப் பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனை மற்போரில் வீழ்த்தியதைச் சாத்தந்தையார் 80ஆம் பாட்டில் பிடி பிடியாக வருணிக்கிறார். அதிலேயே, மகிழ்ந்தாலும் மகிழாவிட்டாலும் தித்தன் இதைக் காணட்டும் என்கிறார். தித்தன் அவனுடைய தந்தை, மகனோடு பிணக்கு. அப்பன் தொல்லை என்னும் இலக்கணம் அன்றே அமைந்துவிட்டது, காண்க. அடுத்து 83, 84, 85 மூன்றும் பெருங்கோழி நாய்கன் மகள் நக்கண்ணையார் அவனை விரும்பிப் பாடியவை. வளை கழல்கிறதே என்று தாய்க்கு அஞ்சுகிறாள்; தழுவலாம் என்றால் சபைக்கு நாணுகிறாள். அவன் கூழ் குடித்தும் தோள் பெருத்தவன் என்கிறாள். உணவு முறை பற்றி இத்திணையில் கிடைக்கும் முதல் குறிப்பு இதுவே. ஊர் இரண்டு பட்டுச் சிலர் அவனுக்கு வெற்றி என்கிறார்கள், சிலர் இல்லை என்கிறார்கள். அவள் சிலம்பு ஒலிக்க ஓடிப்போய், முழவு போலப் பருத்த பனையோடு ஒட்டி நின்று, அவன் வென்றதைத் தன் கண்ணால் பார்த்துவிடுகிறாள்.

பஞ்சு இல்லை. அவள் அவன் அருகே போனதாகவே பாட்டு சொல்லவில்லை. தொகுத்தோர் கைக்கிளை என்று எழுதி மூடிவிட்டார்கள். இவ்வாய்வாளரைக் கேட்டால், பனையை ஒட்டி நிற்கும் ஒரு பெண்ணின் பதைப்புக்குமுன் குளியலறைக் காட்சிகள் இருபது சேர்ந்தாலும் ஈடாகா. மாறாக, ‘பியூட்டிஃபுல் டிசாஸ்டர்’ நடுவில் ஆபி சொல்லாமல் போய்விட்டாள் என்று டிராவிஸ் வீட்டுச் சாமான்களை உடைத்து நொறுக்குவதைக் காதலின் ஆழம் என்று வாசிக்கச் சொல்கிறார்கள். தொல்காப்பியர் இதற்கென்றே பெருந்திணை என்று தனிக் கட்டம் ஒதுக்கி, அளவு மீறிய காமத்தின் முறுக்கை அதில் போட்டு, அன்பின் ஐந்திணையிலிருந்து வேலி கட்டிப் பிரித்துவைத்தார். அந்த வேலியை நாவலாசிரியர்கள் பிடுங்கிவிட்டார்கள். வாசகியருக்கு அது தெரியாமல் இல்லை. தெரிந்தே ஒரு வெறிநாயைக் கதையில் மட்டும் வளர்க்கிறார்கள் என்பது என் கணிப்பு. உடைபடும் வீட்டுக்குக் கட்டிய வாடகை முன்பணம் அவர்களுடையது அன்றே.

எஞ்சியிருப்பது தோற்றவர் பிரச்சினை. இந்நாவல்களில் அத்தியாயத்துக்கு ஒருவன் அடிபட்டு விழுகிறான். அவனுக்கும் புருவம் கிழிகிறது, அவனுக்கும் வீடு இருக்கும். அவனுடைய குளியலறைக்கு எந்த ஆசிரியரும் போனதில்லை. ஆமூர் மல்லனுக்கு அன்றிரவு யார் துடைத்துவிட்டார்கள் என்றும் புறநானூற்றில் தகவல் இல்லை. அது தனி ஆய்வுக்கு உரியது; நல்கை எவரேனும் தந்தால் மேற்கொள்ளப்படும்.