பேரீச்சம்பழத்துக்குப் போன பொட்டி

வாடா பேராண்டி, இப்படித் திண்ணையில உக்காரு. ராத்திரி ரெண்டு மணிக்கு மொட்டை மாடியில நின்னுக்கினு, "இன்னும் முப்பது செகண்டுதான் இருக்குது, ஏத்து ஏத்து"ன்னு கத்தினியே, கேட்டுச்சு. எனக்குக் காது மந்தம்னு முசரவாக்கம் பூரா பேச்சு. அந்தப் பேரு எனக்கு ரொம்ப வசதி. ஸ்ரீபெரும்புதூர் கம்பெனியில புதுக் கம்ப்யூட்டர் பூட்டி அனுப்பற புள்ளை, அந்தச் சம்பளத்தைக் கொண்டுபோய்ச் சீமையில எவனோ பரண்ல போட்டு மறந்த பழைய கம்ப்யூட்டர் மேல கட்டறான். பெருமையாத்தான் இருக்குது. நம்ம வம்சத்துல சொத்து ஏலம் போனவங்கதான் உண்டு; ஏலம் எடுத்தவன் நீ ஒருத்தன்தான்.

இன்னா பொட்டி அது, கொமடோர் 64-ஆ? 1982-ல வந்தப்போ 595 டாலராம். அப்புறம் விலையைத் தட்டித் தட்டி, உலகம் பூரா ஒரு கோடிக்கு மேல வித்தானாம். ஒரு கோடிப் பொட்டி வித்த சரக்கை ஏலக்காரன் "அபூர்வம்"னு எழுதறான், நீயும் கண்ணுல ஒத்திக்கிற. அதுக்குக் கீழே, "ஓட்டிப் பார்க்கலை"ன்னு வேற எழுதியிருக்கான். ஏன்டா, அவன் வீட்டுல பிளக் பாயிண்ட் இல்லையா? போட்டுப் பார்த்தான், எரியலை. அதான் ஓட்டிப் பார்க்கலை. இதெல்லாம் உனக்குத் தெரியாதா? தெரியும். தெரிஞ்சும் ஏத்துவே. ஏத்து ராசா. எதிர்ல ஏத்தறவன் யாருன்னு மட்டும் பார்க்காதே. அவன் விக்கறவனோட மச்சானா இருந்தா உனக்கு வீணா மனசு சங்கடம்.

விலை ஏன் இப்படிக் கூரையைப் பிச்சிக்கினு போகுதுன்னு கேட்டா, உன் கூட்டாளி ஏதேதோ இங்கிலீஷ்ல சொல்றான். எனக்குத் தெரிஞ்ச கணக்கு அத்திவரதர் கணக்கு. பெருமாள் குளத்துக்குள்ளே போனா நாப்பது வருஷம். 1979-ல எழுந்தாரு, அப்புறம் 2019-ல எழுந்தாரு. அந்த நாப்பத்தெட்டு நாளும் காஞ்சிபுரத்துல கால் வைக்க இடமில்லை. அந்தப் பொட்டியும் அதே மாதிரி நாப்பது வருஷம் முங்கிக் கிடந்துச்சு. அன்னைக்குப் பத்து வயசுல கடைக் கண்ணாடியில மூக்கை நசுக்கிக்கினு பார்த்தவனுக்கு இப்ப வயசு ஐம்பதுக்கு மேல. வீட்டுக் கடன் அடைச்சாச்சு, தலைமுடி போயாச்சு, கையில காசு இருக்குது. அப்பன் வாங்கித் தராததைத் தானே வாங்கிக்கிறான். நியாயம். ஆனா நீ பொறந்தது 1995. எவனோ ஒரு வெள்ளைக்காரனோட சின்ன வயசை நீ எதுக்குடா ஏலம் எடுக்கறே?

நம்ம சின்ன வயசு எங்க போச்சுன்னு கேளு, அதைச் சொல்றேன். எச்.சி.எல்.காரன் 1978-லயே 8சி-ன்னு கம்ப்யூட்டர் செஞ்சான். அந்தக் கம்பெனியை ஆரம்பிச்ச சிவ் நாடாரு திருச்செந்தூர்ப் பக்கத்து ஆளு, நம்ம தமிழ்நாட்டுப் புள்ளை. 1984-ல மத்திய சர்க்கார் 'கிளாஸ்'னு ஒரு திட்டம் போட்டு, முதல் தவணையா 250 பள்ளிக்கூடத்துக்கு பிபிசி மைக்ரோன்னு இங்கிலாந்துப் பொட்டியைக் குடுத்துச்சு. அப்புறம் அதையே மொகாலியில எஸ்.சி.எல். கம்பெனியில செஞ்சாங்க, 1989-ல அந்தத் தொழிற்சாலையில தீப்பிடிச்சதுதான் மிச்சம். புனேயில டெசிபெல்ஸ்னு ஒருத்தன் ஸ்பெக்ட்ரம்னு இன்னொரு பொட்டியைப் பூட்டி வித்தான். இதெல்லாம் எந்தப் பள்ளிக்கூடத்துக்கு வந்தாலும் தனி ரூமு, ஏசி, மேலே வெல்வெட்டுத் துணி, வாசல்ல செருப்பைக் கழட்டணும். கர்ப்பக்கிரகம் தோத்துது. புள்ளைங்க தொட்டா கெட்டுடும்னு பூட்டி வச்சாங்க, தொடாமலே கெட்டுச்சு. கடைசியில தராசு தூக்கிக்கினு "பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம்"னு வந்தவன் மூட்டை கட்டிக்கினு போனான்.

பேரீச்சம்பழத்துக்குப் போனதைத்தான் நீ இப்ப டாலர்ல கேக்கறே.

சிரிக்காதே, இந்த வியாபாரம் நம்ம ஊருக்குப் பழசு. "பழைய பட்டுப்புடவை வாங்கறோம்"னு தெருவுல கூவிக்கினு போறவன் எதுக்கு வாங்கறான்? கட்டிக்கவா? ஜரிகையை எடை போட்டு உருக்கத்தான். வெள்ளிக் கம்பி மேல தங்க முலாம். உருக்கி ஆசிட்ல பிரிச்சா ரெண்டும் தனியா வந்துடும். பாட்டன் நெய்தது, பேத்தி கையால எடைக்குப் போகும். இப்படியே ஊர்ப் புடவையெல்லாம் உருகினப்புறம், மெட்ராஸ்ல ஒரு அம்மா வந்து, "அந்தக் காலத்துக் கோர்வைப் புடவை ஒண்ணு கிடைக்குமா, இன்னா விலையானாலும் பரவாயில்லை"ன்னு நிப்பாங்க. விலையை ஏத்தினது அந்த அம்மா இல்லைடா. உருக்கினவன்.

உன் பொட்டிக்கும் அதே கதி. பழைய சிப்புல, பலகை ஓரத்துப் பல்லுல, தங்க முலாம் இருக்குதா? இருக்குது. தங்கம் ஏற ஏற, அதைச் சுரண்டி ஆசிட்ல போடறவன் கையும் நீளும். இவன் ஒரு பக்கம் கரைக்கிறான், நீ ஒரு பக்கம் கும்பிடறே; நடுவுல உக்காந்திருக்கான் ஏலக்காரன், ரெண்டு பேரும் அவனுக்குத்தான் வேலை பார்க்கறீங்க. இது போதாதுன்னு பாட்டுக் கட்டறவங்க வேற. உன் கொமடோருக்குள்ளே 'சிட்'னு ஒரு சிப்பு இருக்குதாமே, மூணு குரல்ல பாடுமாம். அந்தக் குரல் வேணும்னு பொட்டியைப் பிரிச்சு அதை மட்டும் பிடுங்கிக்கிறாங்க. பிடுங்கறதுக்கு ஆள் வந்ததும் போலியும் வந்துடுச்சு; வேற சிப்பு மேல நம்பரை மாத்தி அச்சடிச்சு விக்கறான். ஜரிகையைக் கீறிப் பாரு, உள்ளே சிவப்புப் பட்டு தெரியுதான்னு ஊர்ல சின்னப் புள்ளையும் சொல்லும். சிப்பைக் கீறினா இன்னாடா தெரியும்?

இப்படி அழிக்கிறதுல பெரிய கை யாரு தெரியுமா? ஆப்பிள்காரன். 1976-ல முதல் ஆப்பிள், விலை 666 டாலர் 66 சென்ட், மொத்தமே ஏறக்குறைய 200 பலகைதான். அடுத்த மாடல் வந்ததும், "பழசைக் குடு, புதுசுல விலை தள்ளித் தரேன்"னு வாங்கி, வாங்கினதை உடைச்சே போட்டான். செஞ்சவனே உடைச்சான்! 2014-ல பான்ஹாம்ஸ் ஏலத்துல மிச்சத்துல ஒண்ணு 9 லட்சத்து 5 ஆயிரம் டாலருக்குப் போச்சு. ஹென்றி ஃபோர்டு மியூசியம் எடுத்துச்சு. அவன் பாட்டுக்கு எல்லாத்தையும் பத்திரமா வச்சிருந்தா இந்த விலை வருமா?

சரி, நீ எடுத்தே தீருவே. நம்ம நாட்டுல ஈபே கடை 2018 ஆகஸ்ட்லயே சாத்தியாச்சு, பாஸி.காம்-ஐ 2004-ல வாங்கி வந்தவன் பதினாலு வருஷத்துல மூட்டை கட்டிட்டான். அதனால வெளிநாட்டுல எடுக்கணும், கப்பல் கூலி, சுங்கவரி எல்லாம் சேர்த்துக் கட்டணும். அந்த மொத்தத்தை உன் பொண்டாட்டிகிட்டே சொல்லாதே, பொட்டி விலையை மட்டும் சொல்லு. அதையும் டாலர்ல சொல்லு. அப்புறம் ஒண்ணு, இதைக் கிண்டலா எடுத்துக்காதே: 386, 486-ன்னு பழைய கம்ப்யூட்டர் பலகை வந்துச்சுன்னா, முதல்ல அதுல ஒட்டிக்கினு இருக்கிற நீலக் கலர் நிக்கல் காட்மியம் பேட்டரியைப் பிடுங்கிடு. அது ஒழுகிச்சுன்னா உப்புப் பூத்து, செம்புக் கோடெல்லாம் அரிச்சுடும். விளையாட்டு மட்டும்தான் வேணும்னா, அதெல்லாம் இப்ப உன் போன்லயே ஓடுதுன்னு உன் கூட்டாளியே சொன்னான். ஆனா போனை அலமாரியில வச்சு விருந்தாளிக்குக் காட்ட முடியாதே.

இப்ப நம்ம வேலைக்கு வருவோம். உன் புஸ்தகத்துல ஒரு படம் பார்த்தேன். லியோன்ல 1839-ல நெய்தது, ஜக்கார்டுத் தறி செஞ்சானே, அந்த ஜக்கார்டோட உருவம்; வரைஞ்சது இல்லைடா, பட்டுல நெய்தது, 24,000 ஓட்டை அட்டை கட்டி. கம்ப்யூட்டருக்கு மூலபுருஷன்னு சொல்றாங்களே பாபேஜ், அவரு அதுல ஒண்ணு வாங்கி வீட்டுல வச்சிருந்தாராம். தன் மிஷினுக்கும் அந்த அட்டையைத்தான் எடுத்துக்கினாராம். அப்படின்னா பரண்ல கிடக்குதே என் ஜக்கார்டு அட்டைக் கட்டு, அன்னம், மயில், மாங்காய் எல்லாம் ஓட்டை ஓட்டையா அடிச்சது, அதுக்குப் பேரு இன்னா? பழங்காலக் கம்ப்யூட்டர் சாமான். உன் போனை எடு, எழுது. "காஞ்சிபுரம் பட்டுத் தறியில ஓடினது, ஒரே உரிமையாளர்." ஓட்டிப் பார்க்கலைன்னும் சேர்த்துக்கோ. உன் கூட்டாளிங்க ரெண்டு பேரை முதல்ல ஏத்தச் சொல்லு, அப்புறம் வெளியாள் தானா வருவான். உனக்கு நூத்துக்குப் பத்து.

ரெண்டு கட்டு இருக்குது. ஒரே மாதிரி ரெண்டு இருந்தா எவன் மதிப்பான்? ஒண்ணை இறக்கி வெந்நீர் அடுப்பாண்ட வச்சாச்சு. போய் உங்க ஆயாகிட்டே தீப்பெட்டி வாங்கிக்கினு வா.