கோழித் தோல் கிழிய மாமன் சொல்லும் பக்குவம்

வாங்க மாப்ளே, உக்காருங்க. மூஞ்சியப் பாத்தாலே தெரியுது, கிரில் கடைக்காரன் இன்னிக்கும் கோழியத் திருப்பிவிட்டுட்டான். தோல் கிழிஞ்ச கோழியக் கம்பியில குத்திச் சுத்துனா சாறு பூராம் வடிஞ்சு கறி சக்கையாப் போயிரும்னு அவனுக்கு விசனம். நீங்க என்னடான்னா இறகு பிடுங்கற மிசினத் திட்டறீங்க. வசதிதான், அது திருப்பித் திட்டாது.

ஆனாலும் இவ்வளவு நேர்த்தியாத் தோல் கிழியறது எல்லாருக்கும் அமையாதுங்க. பல்லடம் சுத்துல இத்தனை பண்ணை இருக்குது, எத்தனை பேருக்கு வாய்க்குது? உங்க கைப்பக்குவத்த நான் கவனிச்சு வெச்சிருக்கேன். வரிசையாச் சொல்றேன், அடுத்த பேட்சுக்கும் ஆகும்.

மொதல்ல, சித்திரை வெயில்ல கோழி வளக்கோணும். வெக்கையில வளந்த கோழிக்குத் தோல்ல வலு கம்மி. அப்புறம் தீவனம். சோயாப் புண்ணாக்கு விலை ஏறிப்போச்சுன்னு அதைக் குறைச்சு, மக்காச்சோளத்தையும் எண்ணெயையும் தாராளமா விடோணும். எடை என்னமோ ஏறும், கூடவே தோலுக்கடியில கொழுப்பும் ஏறும். தோலுக்குப் பலம் கொலாஜன்ங்கற நாரு. அந்த நாரு ஒண்ணோடொண்ணு பிணைஞ்சு இறுகோணும்னா தாமிரச் சத்து வேணும், துத்தநாகமும் வேணும். தாது உப்புக் கலவையை 'வெட்டிச் செலவு'ன்னு நிறுத்துனீங்க பாருங்க, அங்கதான் நீங்க நிக்கறீங்க!

ரத்தக்கழிச்சல் மருந்துலயும் ஒரு சூட்சுமம் இருக்குது. ஹாலோஃபூஜினோன்னு ஒண்ணு, கழிச்சலையும் தடுக்கும், கொலாஜன் ஊறறதையும் தடுக்கும். தீவனத்துல என்ன மருந்து கலந்திருக்குதுன்னு கேக்காம வாங்குனா, ஒரே காசுல ரெண்டு வேலை.

பெட்டைக்குச் சேவலவிடத் தோல் லேசு. இளங்கோழிக்கு நாரு இன்னும் முத்தியிருக்காது. அதனால கிரில் கடைக்குன்னு பாத்துப் பாத்து இளம்பெட்டையாவே பிடிச்சு அனுப்புங்க.

இனி கொட்டாய். கோழிக்கு ஒரு சதுர அடின்னு ஊரே விடுது, நீங்க அதுலயும் மிச்சம் பிடிங்க. தீனித் தட்டுக்கு ஒண்ணு மேல ஒண்ணு ஏறி நகத்தால தொடையப் பிறாண்டும். மெத்தியோனின் பத்தாம இறகும் சரியா மூடாம இருந்தா, நகத்துக்கு இன்னும் சௌகரியம். தண்ணி நிப்பிள் ஒழுகி, கீழ பரப்புன தேங்கா நார் மஞ்சி சொதசொதன்னு கெடந்தா, பிறாண்டுன புண்ணுல கிருமி எறங்கி உள்ளயே சீழ் கட்டும். பிடிக்கற ஆளுகளும் விளக்கப் போட்டு, சத்தம் போட்டு, ஒத்தக் காலப் பிடிச்சு இழுத்துக் கூண்டுல திணிச்சா, இன்னும் விசேசம்.

மிச்சம் மீதி தப்புனதுக்குத்தான் சுடுதண்ணி. 53 டிகிரியில ரெண்டு நிமிசம் முக்குனா இறகு இளகிரும், மேந்தோலும் தங்கும். அதெல்லாம் பொறுமைசாலிக வேலை. நீங்க ஆவி பறக்கப் பறக்க முக்குங்க. தோல் பாதி வெந்துரும், இறகு பிடுங்கற மிசின் டிரம்முல இருக்கற ரப்பர் விரலு மீதியப் பாத்துக்கும்.

ஏனுங்க மாப்ளே, சிரிக்கறீங்க? கோழிக்குத் தோல் மெல்லிசு, உங்களுக்கு எருமைத் தோலு, நான் சொல்றது எங்க ஏறப்போகுது! சரி, ஏறற மாதிரி ஒண்ணு சொல்றேன். கோழிய முக்கறதுக்கு முன்னாடி தொடை இறகை விலக்கிப் பாருங்க. கீறல் இருந்தா, குத்தம் கொட்டாயிலயோ பிடிக்கற கையிலயோ இருக்குது. கீறலே இல்லாம டிரம்முல கிழிஞ்சா, தண்ணிக்குள்ள ஒரு தெர்மாமீட்டர விடுங்க. சூடும் சரியா இருந்து கிழிஞ்சா, ரப்பர் விரலு எட்டத்துல இருக்குதா நெருக்கியிருக்குதான்னு பாத்துட்டு, நேரா தீவன மூட்டைகிட்டப் போங்க.

தெர்மாமீட்டருக்குக் காசு முடையா? மாமன் நான் தர்றேன். வட்டிக்கு வாரம் ஒரு கோழி குடுத்துருங்க போதும். தோல் கிழிஞ்சதாவே குடுங்க மாப்ளே, உங்க அத்தை எப்படியும் தோலை உரிச்சுப்போட்டுத்தான் கொழம்பு வெக்கறா.