எக்ஸ்டென்ஷன் சார்

மழை தூறினால் மற்றவர்கள் துணி எடுக்க மொட்டைமாடிக்கு ஓடுவார்கள். எக்ஸ்டென்ஷன் சார் பாலிதீன் பையோடு பார்க்கிங்குக்கு ஓடுவார். இரண்டாம் மாடிச் சமையலறையில் மிக்ஸிக்குப் பக்கத்து பிளக்கில் புறப்பட்டு, ஜன்னல் கம்பி, முதல் மாடிக்காரரின் துளசித் தொட்டி, சன்ஷேடு, தண்ணீர்க் குழாய் என்று வழியெல்லாம் நலம் விசாரித்துக்கொண்டு இறங்கும் ஒயரின் நுனியில் அவருடைய எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் நின்றுகொண்டிருக்கும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸின் தலையில் பையைக் கவிழ்த்து ஒரு ரப்பர் பேண்டையும் மாட்டிவிட்டால், அவர் வரையில் அது வாட்டர்ப்ரூஃப்.

ஒயர் என்று ஒருமையில் சொல்வதே தப்பு. முதல் துண்டு, மகள் கல்யாணத்தில் சீரியல் லைட்டுக்காக வாங்கியது. அடுத்தது, உயிர் போன டேபிள் ஃபேனிலிருந்து உருவியது. மூன்றாவதுதான் கடையில் காசு கொடுத்து வாங்கிய பாக்ஸ். முதலும் இரண்டாவதும் சேருகிற இடத்தில் சுற்றிய கறுப்பு டேப், வெயிலில் பிசுபிசுத்துப் பாதி உரிந்து தொங்குகிறது. மிச்சமான நாலைந்து மீட்டரை அழகாகச் சுருட்டி, சணல் கட்டி, பாக்ஸுக்குப் பக்கத்திலேயே வைத்திருப்பார். ஒயரைச் சுருட்டி வைத்தால் அதில் உண்டாகும் சூடு வெளியே போக வழியில்லை. முழுக்கப் பிரித்துப் போட்டுத்தான் கரண்ட் எடுக்க வேண்டும். ஆனால் பிரித்துப் போட்டால் பார்க்க அசிங்கமாக இருக்குமாம்.

"சார், ஒயர் சுடுதே?" என்று வாட்ச்மேன் கேட்டார்.

"சுடலைன்னாதாம்ப்பா பயப்படணும். கரண்ட் போகலைன்னு அர்த்தம்."

அவரிடம் வாதாடி ஜெயிக்க முடியாது. காரணம், பாதி சரியாகச் சொல்வார். "அயர்ன் பாக்ஸ் ஆயிரம் வாட்ஸ் இழுக்குது. என் சார்ஜர் எழுநூறுகூடக் கிடையாது. அதைத் தாங்குற ஒயர் இதைத் தாங்காதா?" கணக்கு தப்பில்லை. ஆனால் இஸ்திரிப் பெட்டி தெர்மோஸ்டாட் தயவில் நடுநடுவே ஓய்வெடுக்கும். பக்கத்தில் ஓர் ஆளும் நிற்பார். சார்ஜர் நாலைந்து மணி நேரம் விடாமல் இழுக்கும், அதுவும் ஊர் தூங்குகிற வேளையில். பிளக் லொடலொடவென்று ஆடுகிற இடத்திலும், முறுக்கி டேப் சுற்றிய இடத்திலும் ரெசிஸ்டன்ஸ் கூடும். அங்கே சூடாகும், சூட்டில் இணைப்பு இன்னும் கெடும், கெட்டால் இன்னும் சூடு. பாக்ஸில் ஒரு ஓட்டை ஏற்கெனவே தீய்ந்து பழுப்பாகிவிட்டது. அவர் கண்ட பரிகாரம், பக்கத்து ஓட்டைக்கு மாறியது.

டேபிள் ஃபேன் ஒயருக்குள் இரண்டே கம்பி. ஆகவே சார்ஜர் பிளக்கின் தடித்த மூன்றாவது பின், அதாவது எர்த், போய்ச் சேர இடமே இல்லை. 30 மில்லிஆம்ப் கசிந்தாலே லைனை அறுத்து ஆளைக் காப்பாற்றுகிற ஆர்சிசிபி, ஒரு மழைநாளில் தன் கடமையைச் செய்தது. உடனே எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அதை பைபாஸ் செய்யச் சொல்லிவிட்டார். "சும்மா சும்மா விழுதுப்பா." விழுவதற்குத்தானே ஐயா அதை மாட்டியிருக்கிறார்கள்!

வெயிலில் ஓடி வந்த வண்டியை ஆறவிடாமல் சொருகுவது, 'பின் பொருந்துதே' என்று மச்சினருடைய 60 வோல்ட் சார்ஜரைத் தன் 48 வோல்ட் பேட்டரிக்கு மாட்டப் பார்த்தது எல்லாம் சில்லறைக் கணக்கு.

இத்தனைக்கும் நல்ல மனுஷன். லிஃப்ட் பாதியில் நின்றால் சாவியோடு முதலில் வருவது அவர்தான். முதல் மாடிப் பாட்டிக்கு மருந்து வாங்க அந்த ஸ்கூட்டர்தான் போகும். "ஃபுல் சார்ஜுக்கே மூணு யூனிட்தாம்மா" என்று காசு வாங்க மாட்டார். துளசித் தொட்டிமேல் போகிற ஒயரைப் பற்றி பாட்டி வாய் திறக்காததற்கு இதுதான் காரணம்.

ஆனால் இந்த மழைக்காலத்தில் புதுப் பழக்கம் ஒன்று வந்திருக்கிறது. பேட்டரியைக் கழற்றி மேலே கொண்டுபோய், வாசல் கதவுக்குப் பின்னால், செருப்பு ஸ்டாண்டுக்கும் பழைய பேப்பர் கட்டுக்கும் நடுவில் வைத்து ராத்திரி முழுக்கச் சார்ஜ் போடுகிறார். இதற்குச் சிரிக்க முடியவில்லை. 2022 மார்ச்சில் வேலூரில், இரவு சார்ஜுக்குப் போட்ட எலெக்ட்ரிக் வண்டி பற்றியெரிந்து, புகையில் மூச்சுத்திணறி ஒரு தந்தையும் மகளும் இறந்தார்கள். அடுத்த மாதமே விஜயவாடாவில், படுக்கையறையில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்த பேட்டரி வெடித்து ஒருவரின் உயிர் போனது. அந்த டிசம்பரிலிருந்து மத்திய அரசு ஏஐஎஸ்-156 என்ற பேட்டரிப் பாதுகாப்பு விதிகளை இறுக்கியது. அந்தச் சோதனைகள் எதிலும் டேபிள் ஃபேன் ஒயர் வராது. சார் வீட்டிலிருந்து வெளியேற இருப்பது அந்த ஒரே கதவு. மூன்றாம் மாடிக்காரர்கள் இறங்க இருப்பது அந்த ஒரே படிக்கட்டு. அவருடைய சிக்கனத்துக்கு மற்ற வீடுகள் ஏன் ஜாமீன் நிற்க வேண்டும்?

இதில் வேடிக்கை, அவருடைய ஈபி மீட்டரே கீழேதான் இருக்கிறது, ஸ்கூட்டருக்குப் பத்தடி தள்ளி. கரண்ட் அங்கிருந்து இரண்டு மாடி ஏறி, சமையலறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, ஜன்னல் வழியாக மறுபடி கீழே வருகிறது. அசோசியேஷன் கூட்டத்தில் செயலாளர் பொறுமையாக எடுத்துச் சொன்னார்: மீட்டரிலிருந்தே ஒரு தனி லைன், 16 ஆம்ப் பிளக் பாயிண்ட், அதற்கென்று எம்சிபி, ஆர்சிசிபி, ஒழுங்கான எர்த். எலெக்ட்ரீஷியனுக்கு அரை நாள் வேலை.

"எதுக்கு சார் தண்டச் செலவு?" என்றார் எக்ஸ்டென்ஷன் சார். "அதான் நம்ம பாக்ஸ் இருக்கே."

போன வாரம் தரைத்தள வீட்டுப் பையனும் ஒரு எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் வாங்கிவிட்டான். சார் அவனைக் கூப்பிட்டு, பாக்ஸில் இன்னும் ரெண்டு ஓட்டை காலி, கூச்சப்படாமல் சொருகிக்கொள் என்று சொல்லியிருக்கிறார்.